சுவிட்ச்கியருக்குத் தமிழ்: ‘மின்மடை’யை ஏன் கைவிட்டேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘சுவிட்ச்கியர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று இரண்டு வாரமாக ஓடும் இந்த இழையில் நானும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன். நான் மொழியறிஞன் அல்ல. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பையன்களுக்கு மின் பேனல் வேலை சொல்லிக் கொடுப்பவன். இங்கே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் நிறையப் பேர். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனால் சுற்றிலும் மலையாளம், கையேட்டில் ஆங்கிலம், தலைக்குள் தமிழ். அவர்களுக்காக நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டது ‘சுவிட்ச்கியர்’ என்ற சொல்தான். மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யவும், பழுது வந்தால் நிறுத்தவும் உதவும் கருவிகளின் கூட்டம் அது.

இழையைத் தொடங்கிய நண்பர் ‘விசைக்கருவி’ என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு விசை என்றால் இயற்பியல் பாடத்தின் விசை. நிறை பெருக்கல் முடுக்கம். அதனால் அதை அப்போதே தள்ளிவிட்டேன். இலங்கை நண்பர் ‘ஆளி’யை நினைவூட்டினார். சுவிட்சுக்கு ஆளி அழகான சொல், அவர்கள் பாடநூலில் நிலைத்த சொல். ஆனால் சுவிட்ச்கியர் என்பது ஒற்றைச் சுவிட்ச் அல்ல. பிரேக்கர், ஐசொலேட்டர் (இவை இரண்டையும் கீழே விளக்குகிறேன்), உருகி, பஸ்பார் (மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் உலோகப் பட்டை), அளவுமாற்றிகள் (பெரிய மின்னளவை அளக்கத் தக்க அளவுக்குக் குறைப்பவை), ரிலே (பழுதை உணர்ந்து பிரேக்கரை இயக்குவது), இவை எல்லாம் ஒரு உலோகப் பெட்டிக்குள் சேர்ந்து செய்யும் கூட்டு வேலை அது.

அப்புறம் ஒரு அம்மா ‘மின்மடை’ என்று எழுதினார்கள். படித்ததும் மனம் துள்ளியது. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து கால்வாய்களில் பிரிந்து போவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. மடை என்றால் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். நீரோட்டத்துக்கு மடை, மின்னோட்டத்துக்கு மின்மடை. மறுநாளே பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன்.

நான்காம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிப் பேனலில் 415 வோல்ட் இருந்தது. ‘திறந்தாச்சா?’ என்று கேட்டேன். ‘திறந்தாச்சு சார்’ என்று சொல்லிவிட்டு ஒரு பையன் முனையைத் தொடப் போனான். முதலில் டெஸ்டரை வைத்துப் பார் என்ற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே அடித்துச் சொல்லியிருந்தேன். வைத்தான், அது எரிந்தது. பிரேக்கர் ஆனில் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. மடை திறந்தால் தண்ணீர் பாயும், அதனால் ‘திற’ என்றதும் மின்சாரத்தைப் பாயவிட்டான். மின்சுற்றிலோ தலைகீழ்: திறந்த சுற்றில் மின்சாரம் ஓடாது, மூடிய சுற்றில்தான் ஓடும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கொண்டாடிய உவமை ஒரு பையனின் கையை எடுத்திருக்கும்.

இதைச் சொன்ன அம்மாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதிலிருந்து ‘திற’, ‘மூடு’ இரண்டையும் பேனல் பக்கமே விடுவதில்லை. பள்ளி அறிவியலில் திறந்த சுற்று, மூடிய சுற்று என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது தாளில் வரைந்த படத்துக்குச் சரி. வேலையிடத்தில் நாங்கள் சொல்வது ‘சேர்ந்திருக்கு’, ‘பிரிந்திருக்கு’. உள்ளே நடப்பதும் அதுதானே. இரண்டு செம்பு முனைகள் சேர்கின்றன, பிரிகின்றன. எந்த உவமையும் வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: சுவிட்ச்கியர் = சேர்பிரி தொகுதி. ‘சேர்பிரித் தொகுதி’ என்று ஒற்று வராதா என்று கேட்பீர்கள். ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொள்கிறேன், வல்லினம் மிகாது.

இந்த இரண்டு வினைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பது. பிரிந்தது, பிரித்தேன். ஒரு ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடம்) போய்விட்டது என்றால் முதல் கேள்வி, யாராவது கையால் ஆஃப் செய்தார்களா, இல்லை ரிலே வேலை செய்து தானாக டிரிப் ஆனதா என்பது. இரண்டுக்கும் நடவடிக்கை வேறு. தானாகப் பிரிந்திருந்தால் காரணம் தெரியாமல் மறுபடி சேர்க்கக் கூடாது. பழுது அங்கேயே இருந்தால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். பதிவேட்டில் ‘10.40க்குப் பிரிந்தது’ என்றும் ‘11.15க்குப் பிரித்தேன்’ என்றும் எழுதினால், அடுத்த ஷிப்டுக்கு வருபவன் ஒரு எழுத்திலேயே புரிந்துகொள்வான். இந்த வசதி தமிழில் சும்மா கிடக்கிறது, நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் குழப்பாத சொற்கள் வேண்டும். இழையில் இரண்டுக்கும் ‘துண்டிப்பான்’ என்றே சிலர் எழுதியிருந்தார்கள். அது ஆபத்து. பிரேக்கர் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை, பழுதின்போது பாயும் பெருவெள்ளத்தைக்கூட, அறுத்து நிறுத்தக் கூடியது. முனைகள் விலகும்போது எழும் தீப்பொறியை அணைக்க அதற்குள் ஏற்பாடு இருக்கிறது. 11 கிலோவோல்ட் வேக்கம் (வெற்றிட) பிரேக்கரில் முனைகள் விலகும் தூரம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். நம் 50 ஹெர்ட்சில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியை, அதாவது பூஜ்ஜியத்தை, தொடுகிறது. அப்படி ஒரு சுழியில் பொறி அணைந்து, வெற்றிடத்தில் மறுபடி எழாமல் போகிறது. ஐசொலேட்டருக்கு இந்தத் திறமை கிடையாது. சுமை ஓடும்போது அதை இழுத்தால் தீப்பந்தம் முகத்தில் அடிக்கும். ஆனால் அதன் இடைவெளியைக் கண்ணால் பார்க்கலாம். வேக்கம் பிரேக்கரின் முனைகளோ குடுவைக்குள் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது.

நான் வைத்த பெயர்கள்: பிரேக்கர் = துண்டிப்பான், ஐசொலேட்டர் = பிரிப்பான். பிள்ளைகளிடம் சொல்வது, ஓடுவதைத் துண்டிப்பான் துண்டிக்கும், நின்றதைப் பிரிப்பான் பிரிக்கும். வரிசை மாறக் கூடாது என்பது இதிலேயே வந்துவிடுகிறது. ஃபியூசுக்கு உருகி இருக்கவே இருக்கிறது. பஸ்பார், ரிலே இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். எல்லாரும் சொல்லும் சொல், குழப்பமும் இல்லை.

இனி ‘ஃபிட்டர்’. சுவிட்ச்கியர் ஃபிட்டரை ‘பொருத்துநர்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர் என்பது ஃபிட்டர் டிரேடின் பெயர்: வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போட்டு அளவு சேர்ப்பவர். நம் வேலைக்கு வர வேண்டியவர் எலக்ட்ரீசியன் டிரேடு படித்தவர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு, அதன்பின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியான அப்ரெண்டிஸ் பயிற்சி. விளம்பரத்தில் பொருத்துநர் என்று போட்டால் தவறான சான்றிதழோடு ஆள் வந்து நிற்பார், அவருக்கும் வீண் அலைச்சல்.

மேலும், பொருத்துவது இந்த வேலையில் சிறு பகுதி. பஸ்பார் இணைப்பின் போல்ட்டை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். தளர்ந்தால் சூடேறி ஒரு நாள் எரியும். முனைகளின் தடையை மைக்ரோ ஓமில் அளக்க வேண்டும். மெக்கர் வைத்து மின்காப்பைப் பார்க்க வேண்டும். டிரிப் காயில் (பிரேக்கரைப் பிரியவைக்கும் மின்சுருள்) அடிக்கிறதா, டிராலி (பிரேக்கரைத் தாங்கி உள்ளும் வெளியும் நகரும் வண்டி) பணிநிலை, சோதனை நிலை, விலக்கு நிலை மூன்றிலும் சரியாக நிற்கிறதா, பிரேக்கர் சேர்ந்திருக்கும்போது டிராலியை இழுக்க முடியாதபடி பூட்டு தடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் செய்பவரை வினைஞர் என்று அழைப்போம். ‘சேர்பிரி வினைஞர்’. கைவினைஞர் என்ற சொல் ஏற்கனவே மக்கள் வாயில் இருக்கிறது.

ஒரு தடை உண்டு, மறைக்க விரும்பவில்லை. என்னோடு வேலை பார்க்கும் மலையாளி நண்பர் பட்டியலைப் படித்துவிட்டு, ‘பிரி’ என்றால் எங்களுக்கு போல்ட்டின் மரை அல்லவா என்றார். உண்மைதான், மலையாளத்தில் பிரி என்றால் மரை, பிரி-ஆணி என்றால் ஸ்குரு. இரு மொழிக்காரரும் ஒரே ஸ்பானரைப் பிடிக்கும் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. அதனால் பேனல் மேல் வெறும் ‘பிரி’ என்று ஒட்டாமல் ‘பிரிந்துள்ளது’, ‘சேர்ந்துள்ளது’ என்று முழுச் சொல்லாக ஒட்டுகிறேன், பக்கத்தில் உலகப் பொதுக்குறிகளான வட்டமும் கோடும். அவருக்கும் இது சம்மதம். விளக்குகளையும் சொல்லியாக வேண்டும்: நம் பேனல்களில் சிவப்பு எரிந்தால் சேர்ந்துள்ளது, பச்சை எரிந்தால் பிரிந்துள்ளது. புதிதாக வருகிறவன் பச்சையைக் கண்டதும் ஓடுகிறது என்று நினைக்கிறான். பச்சை எரிந்தாலும் அதை நம்பித் தொடக் கூடாது. சோதித்து, நிலத்தோடு இணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அந்த நில இணைப்புச் சுவிட்சுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. இலங்கை வழக்கில் புவித்தொடுப்பு என்பார்கள். இங்கே பிள்ளைகள் வாயில் ‘எர்த்து’தான். ‘நிலம்சேர்ப்பான்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் சேர்ந்துள்ளது என்றால் மின்சாரம் இருக்கிறது என்று பழக்கிவிட்டு, இதற்கு மட்டும் சேர்ந்தால் பாதுகாப்பு என்று சொல்வது மறுபடி மடைக் கதையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ‘சேர்’ வராத ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து