சோன்சிரியா: சம்பல் கொள்ளையர்கள் ஏன் குதிரையில் போவதில்லை?

மேட்னி: ‘ஷோலே’ பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘சோன்சிரியா’ (2019) இந்திப் படத்தில் ஒன்று உறுத்துகிறது. படம் முழுக்கக் கொள்ளையர்கள் நடந்தே போகிறார்கள். பட்ஜெட் இடித்ததா, நிஜமே அப்படித்தானா? மனோஜ் பாஜ்பாய் நடித்த கொள்ளைத் தலைவன் மான் சிங் உண்மையான ஆளா?

வண்டல்: நடைதான் சரி. குதிரை சினிமாக்காரர் சரக்கு. ‘ஷோலே’ எடுத்தது பெங்களூரு பக்கத்து ராமநகரத்தில், அது பாறைக்குன்று. வடக்கே மத்தியப் பிரதேசப் பக்கம் ஓடும் சம்பல் ஆற்றங்கரையில் இருப்பது வண்டல், இழுத்துப் பிடிக்கப் பாறை கிடையாது. மேட்டு வயலில் பெய்கிற மழை ஆற்றுக்கு இறங்கும்போது மண்ணை அறுத்துக்கொண்டு போகும். பள்ளத்தின் தலைப்பு வருஷா வருஷம் வயல் பக்கமாக நகரும். இப்படி அறுபட்ட பள்ளக்காட்டைத்தான் அங்கே ‘பீகட்’ என்கிறார்கள். ஒரு பள்ளத்துக்கு நாலு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் இன்னும் நாலு. கரை செங்குத்து, கால் வைத்தால் பொலபொலவென்று உதிரும். அதில் குதிரையை ஏற்ற முடியாது. தீவனமும் தண்ணீரும் வேண்டும், கனைத்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நடக்கிறவன் ஒரு திருப்பம் திரும்பினால் இருபது அடி தள்ளி நிற்பவனுக்கே தெரியமாட்டான்.

ஒற்றைக்குழல்: வயல் போகப்போக மிச்ச நிலத்துக்குப் பங்காளிச் சண்டை. ஒரு கொலை விழுந்ததும் பீகட்டில் இறங்கிவிடுவார்கள். அதனால்தான் அப்படி இறங்கியவன் தன்னை ‘டாகு’ (கொள்ளைக்காரன்) என்று சொல்லமாட்டான், ‘பாகி’ என்பான், கலகக்காரன். ஸ்டீபிள்சேஸ் என்கிற தடைதாண்டும் ஓட்டத்தில் ஏழு முறை தேசிய சாம்பியனான பான் சிங் தோமர் இறங்கியதும் நிலத்தகராறில்தான். 1981-ல் போலீஸ் சுட்டுக் கொன்றது. இர்ஃபான் கான் நடித்த படம் (2012) அவர் கதை.

‘சோன்சிரியா’வில் கல்யாண வீட்டில் புகுந்து நகை எடுக்கப் போகிறார்கள். நிஜத்தில் சோறு போட்டது ‘பகட்’. காசுள்ள வீட்டு ஆளைத் தூக்கி, இடம் மாற்றி மாற்றி நடத்தி, இடையாள் வைத்துப் பேரம் பேசுவது. அது கெடுவதும் பெரும்பாலும் ‘முக்பிர்’, அதாவது துப்புக்காரனால்தான். சொந்தச் சாதி ஊர் ரொட்டி கொடுக்கும், பகைச் சாதி ஊர் துப்புக் கொடுக்கும். படத்தில் தாக்கூர் சாதிக் கும்பலுக்கு எதிரே குஜ்ஜர் சாதிப் போலீஸ்காரரை நிறுத்தியது சும்மா இல்லை.

மேட்னி: அப்போ மான் சிங்?

வண்டல்: அந்தப் பெயரில் பேர்போன ஒருவர் இருந்தார், 1955-லேயே சுட்டுக் கொல்லப்பட்டார். படம் நடப்பது 1975, எமர்ஜென்சி சமயம். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே மொரேனா பக்கம் ஜௌராவில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னால் மோகர் சிங், மாதோ சிங் மாதிரிக் கொள்ளைத் தலைவர்கள் எல்லாம் துப்பாக்கியை வைத்துச் சரணடைந்துவிட்டார்கள். படத்தில் வருகிறவர்கள் மிச்சம் நின்ற கூட்டம் மாதிரி.

ஒற்றைக்குழல்: இன்னொரு வேடிக்கை. பீகட்டில் இன்று மண்டிக் கிடப்பது நம்மூர்ச் சீமைக்கருவேலம்தான். மண் அரிப்பைத் தடுக்க 1980-களில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள். அதற்கு முந்தைய காலத்தில் நடப்பதாகச் சம்பலில் எடுத்த எந்தப் படத்திலும் பின்னணியில் அந்த முள் அடர்த்தியாகத் தெரிந்தால் காலக்கணக்கு இடிக்கும்.