டெட்ரா: நாற்சிறகி வேண்டாம், அந்தத் துடுப்புக்குத்தான் சொல் வேண்டும்

வணக்கம். தொட்டியில் வளர்க்கும் டெட்ரா என்ற சிறு மீனுக்கும் அது சார்ந்த சொற்களுக்கும் இங்கே தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என் கருத்தைக் கீழே எழுதுகிறேன்.

> டெட்ரா என்றால் நான்கு. 'நாற்சிறகி' பொருந்தும்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நாற்சிறகி என்று படித்த பையன் தொட்டி முன்னால் நின்று துடுப்பை எண்ணுவான். முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு, அடியில் பின்னால் ஒன்று, வால், அப்புறம் வாலுக்கு முன்னால் முதுகில் ஒரு குட்டி மொட்டு. ஆக எட்டு. நான்கு எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

டெட்ராகோனாப்டெரஸ் என்ற பேரினப் பெயரை வெட்டிச் சுருக்கியதுதான் டெட்ரா. முழுச்சொல்லுக்கு நாற்கோணத் துடுப்பு என்று பொருள். வெட்டியதில் கோணமும் துடுப்பும் போய் எண் மட்டும் மிஞ்சிவிட்டது. ஆம்னிபஸ்ஸின் வால்தான் பஸ். அதற்கு யார் பொருள் தேடினோம்? நியான் டெட்ராவுக்கு 1936இல் மீனியல் அறிஞர் மையர்ஸ் இட்ட பேரினப் பெயர் வேறு, இன்றைய பெயர் வேறு. டெட்ரா மட்டும் அசையவில்லை. அப்படியே விடலாம்.

> 'ஒளிப்பரல்' அழகாக இருக்கிறதே?

அழகுதான். நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. இங்கே ஆற்றில் மினுக்கும் பொடிமீன் மலையாளத்தில் பரல். தமிழ் பேசுகிற எங்கள் வாயிலும் பரல்தான். சிலம்புக்குள் கிடக்கும் அதே பரல். ஆனால் இந்தப் பரல் கெண்டை வகை. அதற்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. டெட்ராவுக்குத் தாடையிலேயே பல். பிரானா மீன் அதற்குப் பங்காளி. அமெரிக்கக் கண்டத்திலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிற கூட்டம் அது, நம் ஆறுகளில் இயற்கையாகக் கிடையாது. பரல் என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் சோகநாசினி ஆற்றில் வலையோடு இறங்கிவிடுவார்கள்.

சரி, அந்த எட்டாவது துடுப்புக்கு வருவோம். இங்கே வந்த 'கொழுப்புத் துடுப்பு' லத்தீனுக்கு நேர்ப் பெயர்ப்பு. ஆனால் பெரும்பாலான மீன்களில் அதில் கொழுப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எங்கள் வகுப்புத் தொட்டியில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்: நகம் வெட்டும்போது தெறிக்கும் துணுக்கைப் போல, கண்ணாடி மாதிரி, துடுப்பைத் தாங்கும் கதிர் ஒன்றும் இல்லாமல். 'மொட்டுத்துடுப்பு' என்று அன்றே எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அது கவிழ்ந்தது. கெளுத்தி வாங்கினேன், இங்கே கூரி. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் தடவினால் வாலை நோக்கி வழவழவென்று நீண்ட மடிப்பு. அதே உறுப்புதான், ஆனால் மொட்டு இல்லை. மூணாறு ட்ரவுட்டுக்கும் இது உண்டு. மீன் அரிகிற அக்காவிடம் இதற்கு என்ன பேர் என்றேன். "பேரென்ன பேரு, வெறும் சதை" என்று சீவி எறிந்தார். எனவே என் பரிந்துரை: சதைத்துடுப்பு. டெட்ராவுக்கும் கெளுத்திக்கும் ஒன்றாகவே செல்லும்.

நியான் டெட்ராவின் நீலக்கோட்டுக்கு யாரோ 'சுடர்வரி' என்றார்கள். அது சுடர்வதில்லை, தோலுக்குள் இருக்கும் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன. காலையில் விளக்கைப் போட்ட உடனே பார்த்தால் கோடு மங்கிப் போய், மீனுக்கு நோய் வந்தது போல இருக்கும். பிறகுதான் நீலம் ஏறும். 'மினுக்குவரி' பரவாயில்லையா?

> மீன்கள் 'பள்ளி' கொள்ளுதல்

மீன்கள் அணியாக நீந்துவதை ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்பதை அப்படியே பெயர்த்தது இது. தயவுசெய்து வேண்டாம். பெருமாள்தான் பள்ளி கொள்வார். எங்கள் பத்து டெட்ராவும் சும்மா இருக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் திரியும், அது கூட்டம். மேசையில் யாராவது டம்ளரை வைத்தால் அத்தனையும் ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்பும், அது அணி. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். 'கூடித்திரிதல்', 'அணிநீச்சல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். முதலாவது கொஞ்சம் இழுக்கிறது, யாரிடமாவது சுருக்கமாக இருந்தால் எழுதுங்கள்.