எண்பதுகளின் தொலைக்காட்சி: வட ஆற்காட்டுக்கு அது பொற்காலமா?

காட்பாடி அன்பன்:

அன்றைய நம் வட ஆற்காடு மாவட்டத்து மக்கள் தொலைக்காட்சியோடு வாழ்ந்த காலங்களில் எண்பதுகளே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது நாம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தோம். இடையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. போதாததற்கு ஊரைச் சுற்றி மலைகள். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், மொட்டை மாடியில் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி, பூஸ்டரும் வைத்தால்தான் படம் கொஞ்சமாவது தெளியும். காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். உடனே ஒருவர் மாடியேறிக் குழாயைத் திருப்ப, இன்னொருவர் படியில் நின்று கேட்க, கூடத்திலிருந்து ‘போதும், போதும், அப்படியே விடு’ என்று பல குரல்கள் எழும்.

வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியவற்றைத் தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையைக்கூட யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் பள்ளியிலும் பேருந்திலும் பேசுவதற்கு அனைவருக்கும் ஒரே பொருள் இருந்தது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான அலைவரிசைகளால் அந்த ஒன்றைத் தர முடியவில்லை.

குடியாத்தம் நெசவாளர் மகள்:

ஐயா, தெருவே அமர்ந்து பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எங்கே அமர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் பெட்டி இருந்த வீட்டில் நாற்காலிகள் உறவினர்களுக்கு, தரை பழகியவர்களுக்கு, சன்னல் கம்பி எங்களைப் போன்றவர்களுக்கு. எந்தச் சாதியார் வாசற்படியைத் தாண்டலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு மரத்தால் ஆன இழுப்புக் கதவு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருப் பெட்டியின் கதவுக்குப் பூட்டும் இருந்தது. சாவி அந்த வீட்டு அம்மாளின் இடுப்பில் இருந்தது. அவருக்கு மனம் சரியில்லாத வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை.

என் தாயார் பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும் தொழிலில் மடியிலுள்ள முறத்தை இறக்கி வைத்தால் வருமானம் குறையும். இன்னொருவர் வீட்டுக் கூடத்துக்கு முறத்தையும் இலையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. புகையிலைத் தூளின் நெடியை எந்த வீட்டிலும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே அவர் எண்பதுகள் முழுவதும் வானொலியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். பெட்டி வாங்குவதோ, பல மாத நெசவுக் கூலியை அப்படியே எடுத்து வைத்தாலும் எட்டாத காரியம். நீங்கள் சொல்லும் தெருவில் என் தாயார் இல்லை. அவரைப் போன்றவர்கள் குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

காட்பாடி அன்பன்:

அம்மா, நீங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. பூட்டிய பெட்டிகளை நானும் அறிவேன். ஆனால் அந்தக் குறை தொலைக்காட்சி கொண்டுவந்தது அன்று. கோயிலிலும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் இருந்த பிரிவினைதான் கூடத்திலும் இருந்தது. பெட்டி அதைச் சில வேளைகளில் தளர்த்தியது என்பதே என் வாதம். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். மறுநாள் இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்று எங்கள் பகுதியில் பெட்டி வைத்திருந்த எவரும் கதவைச் சாத்தவில்லை; அதுவரை வாசலில் நின்றவர்கள் கூடத்துக்குள் அமர்ந்து அழுதார்கள். அவர்களை எழுப்ப யாருக்கும் துணிவு வரவில்லை.

குடியாத்தம் நெசவாளர் மகள்:

எழவு வீட்டில் எல்லோரையும் உள்ளே விடுவது நம் பக்கத்து வழக்கம். அதை வைத்து மற்ற நாட்களை எடைபோட வேண்டாம்.

வாணியம்பாடி வாசகர்:

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரவு எட்டரை மணியைத் தாண்டினால் சென்னை முடிந்து தில்லி வந்துவிடும். செய்தியும் தொடரும் இந்தியில். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அத்துடன் பெட்டியை அணைத்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பகுதிகளில் நிலைமை வேறு. உருது பேசும் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இந்தித் தொடர்களின் உரையாடல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இயல்பாகப் புரிந்தது. 1984-இல் ஹம் லோக் தொடங்கியபோது எங்கள் கூடத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு என் நன்னி (தாய்வழிப் பாட்டியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

1987 சனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமாயணம் வந்தது. அப்போது கதை தெரிந்தவர்கள் அவர்கள், மொழி தெரிந்தவர்கள் நாங்கள். நன்னி வசனத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினால், எதிர்வீட்டு அம்மாள் குறுக்கிட்டு அந்தக் காட்சிக்கு முன்கதையைச் சொல்வார். பரதன் பாதுகையைத் தலையில் ஏந்திச் செல்லும் காட்சியில் நன்னியும் அந்த அம்மாளும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகாபாரதம் முடிந்த 1990 வரை இந்த ஏற்பாடு தொடர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டில் நடந்தவற்றை நினைக்கும்போது, அந்தக் கூடத்தை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காட்பாடி அன்பர் அதைப் பொற்காலம் என்றால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

ராணிப்பேட்டை இளையவன்:

நான் தொண்ணூறுகளில் பிறந்தவன். பெரியவர்களின் நினைவுகளை மதிக்கிறேன்; ஆனால் இங்கே நிகழ்ச்சியின் தரமும் கூடிப் பார்த்த இன்பமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அதே இராமாயணத்தை 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கின்போது மீண்டும் ஒளிபரப்பினார்கள். எங்கள் வீட்டில் பத்து நிமிடங்களுக்கு மேல் யாரும் அமரவில்லை. நிகழ்ச்சி மாறவில்லை, பார்த்த சூழ்நிலைதான் மாறிவிட்டது. அப்படியானால் நீங்கள் ஏங்குவது வேறு வழியில்லாமல் அனைவரும் ஒன்றையே பார்த்த நிலைக்காகவா? வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாத நிலையை உயர்வாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காட்பாடி அன்பன்:

தம்பி, தரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஷோபனா ரவி செய்தி வாசித்த காலத்தில் லகர, ளகர, ழகரங்களைப் பிள்ளைகள் காதால் கற்றுக்கொண்டார்கள். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆயினும் நிலக்கடலை பயிரிட்ட எங்கள் சுற்றத்தார் விதை நேர்த்தியையும் மருந்து அளவையும் அதில் கேட்டுச் செய்தார்கள். நேயர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்லவே எதிரொலி என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. கண்டித்து எழுதிய கடிதங்களையும் அதில் வாசித்தார்கள். இன்று எந்த நிறுவனம் தன்னைக் குறைகூறும் நேயருக்கு நேரம் ஒதுக்குகிறது? 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. தெருவெங்கும் கேபிள் கம்பி ஓடியது. ஆன்டெனாக்கள் துணி உலர்த்தும் கம்பமாயின. வீட்டுக்கொரு பெட்டி என்று ஆனதும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டும் காரணங்களில் ஒன்று போய்விட்டது. அது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலாது.

குடியாத்தம் நெசவாளர் மகள்:

வாணியம்பாடி அன்பர் எழுதிய கூடம் எங்கள் தெருவிலும் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் கதவைத் திறந்து வைத்த பாட்டியார் ஒருவர் இருந்தார். பெருமை அவருக்கே உரியது. எண்பதுகளுக்கோ தூர்தர்ஷனுக்கோ அதில் பங்கில்லை. அதே காலத்தில், அதே அலைவரிசையில், சில மைல் தொலைவில் பெட்டி பூட்டிக் கிடந்தது.

காட்பாடி ஐயா, அண்டை வீட்டுக் கதவைத் தட்டும் காரணம் போய்விட்டது என்று வருந்துகிறீர்கள். தட்டுகிறவர் யார், திறக்கிறவர் யார் என்று பாருங்கள். நீங்கள் திறந்த பக்கம் நின்றிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு முதல் பெட்டி, பழையது ஒன்று, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தது. 1999-இல் சித்தி தொடர் தொடங்கியபோது என் தாயார் முறத்தை மடியில் வைத்தபடியே, இலையை நறுக்கிக்கொண்டே, தம் வீட்டுத் தரையில் அமர்ந்து அதைப் பார்த்தார். அந்தத் தொடரின் தரத்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு குறை சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த அலைவரிசைக்கு மாற்றும் உரிமை அவருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய பத்தாண்டைப் பொற்காலம் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.