கீழக்கரை வெயிலில் ஆக்சலாட்டில் தாங்குமா? அவசரமாக யோசனை தேவை

கீழக்கரைக்காரி:
எங்கள் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து லீவில் வந்தபோது, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வெளியூர்க் கடையிலிருந்து ஒரு ஆக்சலாட்டில் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மைன்கிராஃப்ட் விளையாட்டில் வருமே, தலைக்கு இரண்டு பக்கமும் செவுள் இறகு போல விரிந்த ரோஸ் நிற உயிர், அதுதான். தங்கமீன் வளர்ப்பது போலத்தான் என்று கடையில் சொன்னார்களாம். இரண்டடித் தொட்டி, அடியில் கலர் கற்கள், கூடவே இரண்டு தங்கமீன். இப்போது ஏப்ரல் வெயிலில் மதியம் தண்ணீர் 31 டிகிரி காட்டுகிறது. சாப்பிட மாட்டேன் என்கிறது, செவுள் எல்லாம் முன்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது, வால் நுனியும் வளைந்திருக்கிறது. ஐஸ் கம்பெனியில் பார் வாங்கித் தொட்டிக்குள் போடலாமா? பக்கத்து வீட்டில் ஊரணியில் விட்டுவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்டபம்_தொட்டி:
தங்கச்சி, ஊரணி வேண்டவே வேண்டாம். இது மீனே இல்லை, தவளைக்கு உறவான சாலமாண்டர் வகை. அந்தச் சூட்டில் அது செத்துப்போகும், அதன் தோலில் பூஞ்சை நோய் எதுவும் இருந்தால் நம் தவளைகளுக்கும் பரவும். செவுள் முன்னால் சுருள்வதும் வால் வளைவதும் உடம்பு தாங்கவில்லை என்பதற்கான அடையாளம். அதற்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும், 24-ஐத் தாண்டினாலே ஆபத்து.

ஐஸை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். அந்த ஐஸ் மீனுக்காகச் செய்தது, எந்தத் தண்ணீர் என்று நமக்குத் தெரியாது, குளிர்ச்சியும் திடீரென்று இறங்கும். மீன் ஏற்றுமதிக்குப் போகும் பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குளோரின் போக்கிய தண்ணீர் ஊற்றி ஆக்சலாட்டிலை அதில் விட்டு, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸைத் துணியில் சுற்றி அடுக்குங்கள். ஐஸ் உருகும் தண்ணீர் டப்பாவுக்குள் போகக்கூடாது. மெதுவாக, சில மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி என்ற கணக்கில் இறக்கினால் போதும். தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும், மூடியில் காற்றுக்கு வழி விடுங்கள். டப்பாவில் ஃபில்டர் கிடையாது என்பதால் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், புதுத் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும்.

ஃபேன் வைக்கச் சொல்வார்கள். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் ஃபேன் காற்று தண்ணீரை ஆவியாக்கிச் சில டிகிரி குறைக்கும், நம் கடற்கரை ஈரக்காற்றில் அது அவ்வளவு வேலை செய்யாது. நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சில்லர் என்கிற தண்ணீரைக் குளிரவைக்கும் கருவிதான், கரண்ட் போகும் நேரத்துக்கு இன்வெர்ட்டரும் சேர்த்து. இந்தக் கரையில் இதை வளர்ப்பது என்றால் இருபத்துநாலு மணி நேரமும் குளிரை விலைக்கு வாங்குவது, அதுவும் பத்து பதினைந்து வருஷத்துக்கு. அந்த வசதி இல்லாத வீட்டில் இதை வளர்க்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம், கற்களை இன்றே எடுத்துவிடுங்கள். அது வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும், கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். தங்கமீனையும் பிரியுங்கள், மீன் அதன் செவுளைக் கடிக்கும், இது மீனை விழுங்கப் பார்க்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொடாதீர்கள். காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதையே குளோரின் போக்கிப் பயன்படுத்தலாம். கையால் தூக்க வேண்டாம், எலும்பு மென்மையானது, டப்பாவால் மொண்டு எடுங்கள். சூடு குறைந்து இரண்டு நாள் கழித்து, மருந்தடிக்காத மண்ணில் எடுத்த மண்புழுவைக் கழுவிக் கொடுத்துப் பாருங்கள்.

ராம்நாட்_வக்கீல்:
ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் ஒப்பந்தம். ஆக்சலாட்டில் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிற இனம். வெளிநாட்டு உயிர் என்றால் நம் சட்டம் தொடாது என்ற காலம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தோடு போய்விட்டது. சைட்டிஸ் இனங்கள் இப்போது நான்காவது அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரிடம் காகிதம் கேளுங்கள். ராமநாதபுரத்திலேயே வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுவிடலாம். கடல் அட்டை 2001-ல் தடையானபோது இந்தக் கரையில் எத்தனை பேர் விவரம் தெரியாமல் மாட்டினார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்_பையன்:
மெக்சிகோவில் இது அழிந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே, அப்படியென்றால் வீடுகளில் வளர்த்தால்தானே இனம் பிழைக்கும்?

கொடை_நீர்வாழி:
இல்லை தம்பி. காட்டில் இதற்கு மிச்சம் இருப்பது மெக்சிகோ நகரத்தின் சொசிமில்கோ கால்வாய்கள் மட்டும்தான், இன்னொரு ஏரியான சால்கோவை வடித்துவிட்டார்கள். 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் இருந்தது 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டது. சாக்கடைக் கழிவும், சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும்தான் முக்கியக் காரணம், முட்டையையும் குஞ்சையும் அந்த மீன்கள் தின்றுவிடுகின்றன. கடையில் விற்பவை ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியவை, வேறொரு சாலமாண்டரின் ரத்தமும் கலந்தவை. அவற்றை அங்கே கொண்டுபோய் விட முடியாது. நாம் வாங்குவதால் கடைக்காரர் அடுத்த பெட்டியை வரவழைப்பார், கால்வாய்க்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அங்கே மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தாரும், கால்வாய்களுக்கு நடுவே சினாம்பா என்ற மண் திட்டுகளில் பயிர் செய்யும் விவசாயிகளும் சேர்ந்து, மீன் நுழையாதபடி கால்வாய்களை வடிகட்டி அடைத்துக் காப்பாற்றுகிறார்கள். இனம் பிழைக்க வேண்டுமென்றால் அந்த வேலைதான்.

கீழக்கரைக்காரி அக்கா, நான் கொடைக்கானலில் இருக்கிறேன். இங்கே வருஷத்தில் பாதி நாள் சில்லரை ஓட்ட வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் பெரிய தொட்டி ஒன்று காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது, தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

கீழக்கரைக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெட்டியில் வைத்துவிட்டோம், இப்போது 21 டிகிரி, செவுள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி தெரிகிறது. காக்காவிடமும் பேசிவிட்டேன், கொடைக்கானலுக்கே கொடுத்துவிடலாம் என்றார். பிள்ளைகள் அழுகிறார்கள், அது வேறு. எப்படிக் கொண்டுபோவது?

மண்டபம்_தொட்டி:
முதலில் வக்கீல் சொன்ன பதிவை முடியுங்கள், கைமாற்றத்தையும் அதிலேயே தெரிவிக்கலாம். அதுவரை 18-க்கு இறக்கிவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இரையை நிறுத்துங்கள், இல்லையென்றால் பைத் தண்ணீர் கெட்டுவிடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, இரட்டைப் பையாகக் கட்டுங்கள். அதே தெர்மாகோல் பெட்டியில் உறைந்த பாட்டில்களைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள், பையில் படக்கூடாது. பஸ் பார்சலில் மட்டும் போடாதீர்கள், கூட ஒரு ஆள் போகட்டும். இரவு வண்டி பிடித்தால் விடிவதற்குள் வத்தலக்குண்டு தாண்டிவிடலாம், அதற்கு மேல் மலைக்காற்றுதான்.