சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும்போது கடைசிச் சம்பளம்: வரி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2019 ஜூனில் சிங்கப்பூர் போய், 2025 ஜூலை 31-ல் வேலையை முடித்து, ஆகஸ்ட் 1-ல் திருச்சி வந்து தங்கிவிட்ட ஒருவரின் கணக்கு இது.

ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 243 நாள். 182-ஐத் தாண்டுவதால் 2025-26-க்கு அவர் இந்தியக் குடியிருப்பாளர். ஆனால் முந்தைய ஏழு நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்தது, விடுமுறைகளையும் சேர்த்து, 576 நாள்தான். 729-க்குள் அடங்குவதால் ஆர்.என்.ஓ.ஆர். (குடியிருப்பாளர், ஆனால் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்) தகுதி உண்டு. ஆகவே ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே உழைத்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இதுவரை சந்தேகமில்லை.

சிக்கல் கடைசி மாதத்தில். ஐ.ஆர்.21 (வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி சிங்கப்பூர் வரித்துறைக்குத் தரும் படிவம்) தாக்கல் செய்ததும் முதலாளி பாக்கித் தொகையை 30 நாள் வரை நிறுத்திவைக்க வேண்டும். வரி தீர்ந்தபின் மீதியை நேராகத் திருச்சி வங்கிக் கணக்குக்கே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். பணம் முதலில் கைக்கு வந்த இடம் இந்தியா என்றாகிவிட்டால் ஆர்.என்.ஓ.ஆர். காப்பாற்றாது. சிங்கப்பூர் கணக்கில் வாங்கிப் பிறகு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. அந்தக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

கேள்வி இதுதான்: பணம் நேராக இங்கேயே வந்துவிட்டால், வெளிநாட்டில் கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கும் படிவம் 67-ல் அங்கே கட்டிய வரியை எப்படிப் பிரித்துக் காட்டுவது? சிங்கப்பூர் மதிப்பீடு ஜனவரி முதல் ஜூலை வரை ஒரே தொகையாக வருகிறது. வருமான விகிதப்படி ஒரு மாதப் பங்கைக் காட்டி, சம்பளச் சீட்டும் மதிப்பீட்டு நோட்டீசும் இணைத்தால் ஏற்கிறார்களா? தாக்கல் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.