மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றும்போது உரசல்: பழைய மாருதி 800

கானாடுகாத்தான் கொட்டகை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அப்பச்சி 1996இல் வாங்கிய நான்கு கியர் மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களாக மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ரென்று உரசுகிறது. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் வரை இது அதிகம். வண்டி சூடான பிறகு சற்றுக் குறைகிறது. மேலே ஏற்றும்போது எந்தச் சத்தமும் இல்லை. ஆனால், கொட்டகையிலிருந்து வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. எங்கள் ஊர்த் தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேர்நேராக வெட்டிக்கொள்பவை என்பதால், வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசல் தெருவுக்குச் சுற்றி வருவதற்குள் இரண்டாம் கியரைப் பலமுறை போட வேண்டியிருக்கிறது. ஆயில் சீல் கசிந்ததால் சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் சீலையும் கியர் ஆயிலையும் மாற்றினேன். இப்போது அதே பட்டறையில், கியர் பாக்ஸை இறக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். உண்மையிலேயே இறக்கத்தான் வேண்டுமா?

கோட்டையூர் ஸ்பானர்:

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அவற்றை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முன்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு கியருக்கும் சின்க்ரோ எனப்படும் பித்தளை வளையம் ஒன்று உண்டு. கியரின் கூம்புப் பகுதியை அது பிடித்து உரசி, இரண்டின் சுழற்சி வேகமும் ஒன்றான பிறகே, கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவ் என்ற பல்வைத்த உறை உள்ளே நுழைய வழிவிடும். வளையத்தின் உட்புற வரிகள் தேய்ந்துவிட்டால் வேகம் ஒன்றாவதற்கு முன்பே பற்கள் மோதிக்கொள்ளும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது உள்ளே இருக்கும் தண்டின் வேகத்தை வெகுவாக உயர்த்த வேண்டியிருப்பதால், பெரும்பாலும் அந்த வளையமே முதலில் தேய்கிறது.

ரிவர்ஸ் கதை வேறு. இந்த வண்டியில் அதற்கு சின்க்ரோ கிடையாது. ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள்: எஞ்சின் ஐடிலில் ஓடும்போது நியூட்ரலில் வைத்துக் கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் எஞ்சினிலிருந்து ஒழுங்காக விடுபட்டால், அதற்குள் தண்டு தானாக நின்றுவிடும், சத்தம் வராது. பொறுத்தும் உரசினால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். கிளட்ச் விடுபடாத வண்டியில் சின்க்ரோ வளையம், எஞ்சினையே எதிர்த்து மல்லுக்கட்டும். எவ்வளவு புதிய வளையமாக இருந்தாலும் தேய்ந்துபோகும்.

இது கேபிள் கிளட்ச். பெடலை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு விரற்கிடை தளர்வு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் கியர் பாக்ஸ் பக்கத்து நட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். தளர்வே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது; கிளட்ச் நழுவத் தொடங்கும். இதற்கெல்லாம் முன்பு, குனிந்து பெடலுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை கேபிளை மாற்றிய பிறகுதான் அங்கே பார்த்தேன்.

தேவகோட்டை பழைய வண்டி:

மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் ஆயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. சென்ற ஆண்டு ஊற்றியது எந்த ஆயில் என்று பில்லைத் தேடிப் பாருங்கள். பட்டறைகளில் டிஃபரன்ஷியலுக்கு (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) வைத்திருக்கும் ஜிஎல்-5 என்ற தர வகை ஆயிலையே எல்லா வண்டிகளுக்கும் ஊற்றிவிடும் பழக்கம் உண்டு. அதில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் சில பித்தளையை நாளடைவில் அரிக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, வளையத்துக்குத் தேவையான உராய்வைக் குறைத்துவிடும். உங்கள் வண்டிக்கு ஜிஎல்-4 வகை, கெட்டித்தன்மையில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 போதும். ஆயில் கெட்டியாக இருந்தால் கூம்புக்கும் வளையத்துக்கும் இடையிலிருந்து விரைவாக விலகாது. காலையில் சத்தம் அதிகமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாற்றும்போது ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே அடிப்போல்ட்டைக் கழற்றுங்கள். இருப்பதை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றவர்கள் பலர். வடிந்த ஆயிலை வெயிலில் பாருங்கள். பொன்துகள் போல மெல்லிய மினுமினுப்பு இருந்தால் அது வளையத்தின் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று: ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டு நடையில் விழுந்த ஒரு சொட்டின் கறையை ஆச்சி இன்றுவரை விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

கானாடுகாத்தான் கொட்டகை:

இருவருக்கும் நன்றி. பெடலுக்கு அடியில் தேங்காய்நார் மிதியடி இரண்டு மடிப்பாகச் சுருண்டு கிடந்தது. அதை எடுத்தபோது பெடல் கூடுதலாக ஒரு விரல் அளவு உள்ளே போயிற்று. கேபிளின் தளர்வையும் குறைத்தேன். இப்போது பொறுத்துப் போட்டால் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பில்லில் ஜிஎல்-5 என்றே இருந்தது. வடித்ததில் பொன்துகள் மட்டுமே தெரிந்தது. புதிய ஆயிலுடன் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாயிற்று. இரண்டாம் கியரில் உரசல் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

பள்ளத்தூர் ஓய்வு ஓட்டுநர்:

தம்பி, மீதிப் பாதி வளையத்தின் தேய்மானமாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள். சின்க்ரோ இல்லாத லாரிகளில் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். மூன்றிலிருந்து எடுத்து நியூட்ரலில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்து, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாம் கியரைப் போடுங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தால் தேய்ந்தது வளையம்தான்.

அதற்காக உடனே செலவு செய்ய வேண்டாம். இந்த வண்டியில் கிளட்ச் பிளேட் மாற்றவும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். பிளேட் தேயும்போது வளையத்தையும் சேர்த்து மாற்றினால் இறக்கும் கூலி ஒருமுறையோடு போகும். அப்போது பக்கத்தில் நின்று, ஸ்லீவின் பற்களும் கியரின் சிறுபற்களும் கூர்மழுங்காமல் இருக்கின்றனவா என்று காட்டச் சொல்லுங்கள். அவை மழுங்கியிருந்தால் வளையம் மட்டும் மாற்றிப் பயனில்லை. அதுவரை தெருமுனை வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, லிவரைத் தள்ளாமல், இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காத்திருங்கள். அது தானே உள்ளே விழும். அவசரமாக ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தால், முதலில் ஏதாவது ஒரு முன்கியரில் போட்டு எடுத்துவிட்டு உடனே ரிவர்ஸ் போடுங்கள். அந்தக் கியரின் சின்க்ரோ தண்டை நிறுத்திக் கொடுத்துவிடும்.