காமா நைஃபுக்குப் பிறகு வீக்கம்: ஸ்டீராய்டை நிறுத்த முடியவில்லை

அம்மாவுக்கு 67 வயது. உச்சந்தலைக்குக் கீழே, வலப்பக்கம், 3 செ.மீ. மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வரும் கட்டி). புற்று இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டாமென்று போன வருடம் காமா நைஃப் (கத்தியில்லாமல் கட்டியைக் குறிவைத்துத் தரும் கதிர்வீச்சு) செய்தார்கள். ஆறேழு மாதம் கழித்துத்தான் தொல்லையே ஆரம்பம்: இடது கால் இழுக்கிறது, காலையில் தலைவலி, ஒருமுறை வலிப்பு. எம்.ஆர்.ஐ.யில் கட்டி வளரவில்லை, சுற்றிலும் நீர்வீக்கம்.

டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) 4 மி.கி. இரண்டு வேளை கொடுத்தால் நன்றாக நடக்கிறார். மெல்ல மெல்லத்தான் குறைத்தோம், 2 மி.கி.க்கு வந்ததும் கால் மறுபடி இழுக்கிறது. இதற்குள் சர்க்கரை 300-ஐத் தாண்டி இன்சுலின், தூக்கமில்லை, தொடைகளும் சோர்ந்துவிட்டன. எந்தப் பலவீனம் வீக்கத்தால், எது மாத்திரையால் என்றே புரியவில்லை. வலிப்புக்கு லெவெடிரசெட்டம் போகிறது. ஸ்டீராய்டுக்குப் பதிலாக வீக்கத்தைக் குறைக்க, மருத்துவர் பெவாசிசுமாப் ஊசி பற்றிச் சொன்னார்; ரத்தம் உறையும், கசியும் அபாயம் உண்டாம், ஸ்டென்ட் இருக்கிறதே என்று தயங்குகிறார்.

இதய நோயும் உள்ள யாருக்காவது இந்த வீக்கத்துக்குப் பெவாசிசுமாப் கொடுத்து, ஸ்டீராய்டை நிறுத்த முடிந்ததா?